மூன்றாம் பாகம்

கொழும்புத்துறை இறங்குதுறையில் மாலை வேளையிற் சென்று நிற்பவர்களுக்கு எதிரே விரிந்து கிடப்பது கடனீரேரி. ஒரு காலத்தில் இத்துறையிலிருந்து பூநகரிப் பக்கத்துக்குப் படகுகள் போய்வந்தன. இன்று அங்கே வருவோர் பெரும்பாலும் காற்று வாங்க வருபவர்களே. எம் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். எழுபது வயதைத் தாண்டிய பின்னரும் நாள்தோறும் ஐந்து மணிக்குத் தமது கைத்தடியை எடுத்துக்கொண்டு புறப்படுவார். அரைமணி நேரம் நீரைப் பார்த்தபடி இருப்பார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்புவார். அங்கிருந்து அவர் யாரை நினைக்கின்றார், எதை நினைக்கின்றார் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கும் வழக்கம் எங்கள் இருவருக்குமிடையே உண்டாகவேயில்லை.

அந்த மௌனத்தைச் சற்றே அசைத்தது ஒரு பழைய வங்காளித் திரைப்படம். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகின்றோம்.

எம்மிடம் கல்லூரியிற் படித்து இப்பொழுது பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவர் நால்வர், விடுமுறைக் காலங்களில் எம் வீட்டுக்கு வருவதுண்டு. வந்தால் விறாந்தையிற் பாய் விரித்து உட்கார்ந்து உலக விவகாரமெல்லாம் பேசுவார்கள். சென்ற ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நல்ல காதற்படம் ஒன்றைக் காட்ட வேண்டும் என்று எம்மை வற்புறுத்தினார்கள். "சண்டையும் பாட்டும் இல்லாத படம் வேணும், சேர். ஆனால் நித்திரை வரப்படாது" என்றாள் அவர்களுள் ஒருத்தி. கடினமான நிபந்தனைதான். ஆயினும் எமக்குச் சட்டென்று ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. சத்தியஜித் ராய் 1959ஆம் ஆண்டில் எடுத்த 'அபுர் சன்சார்'. தமிழில் 'அபுவின் உலகம்' என்று சொல்லலாம். 'அபுவின் சம்சாரம்' என்றாலும் பொருந்தும். உலகம், குடும்பம் ஆகிய இரண்டு பொருளும் அச்சொல்லில் அடங்கியிருக்கின்றன.

மூன்று படங்கள் கொண்ட ஒரு தொகுதியின் கடைசிப் படம் இது. மூன்று படங்களைச் சேர்த்து ஒரு தொகுதியாக்குவது மேனாட்டிலும் வழக்கமே. போலந்து நாட்டவரான கீஸ்லோவ்ஸ்கி, பிரான்சு நாட்டுக் கொடியின் நீலம், வெள்ளை, சிவப்பு என்னும் நிறங்களைப் பெயராகக் கொண்டு 1993ஆம், 1994ஆம் ஆண்டுகளில் மூன்று படங்களை வெளியிட்டார். ஆனால் அம்மூன்றும் வெவ்வேறு மாந்தரின் கதைகள். ராயின் மூன்று படங்களோ ஒருவனுடைய வாழ்வையே பின்தொடர்ந்து செல்பவை. 1955இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி'யில் அபு கிராமத்துச் சிறுவன். 1956இல் வந்த 'அபராஜிதோ'வில் காசியிலும் பின்னர் கல்கத்தாவிலும் வளரும் மாணவன். மூன்றாவதில் அவன் கணவனாகின்றான், தந்தையுமாகின்றான்.

இப்படங்கள் பிறந்த வரலாறும் ஒரு கதைதான். விளம்பர நிறுவனம் ஒன்றிற் சித்திரக்காரராக இருந்த ராய், விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சுருக்கப் பதிப்புக்குப் படம் வரைந்தபோதுதான் அக்கதை அவர் மனத்திற் குடிபுகுந்தது. 1950ஆம் ஆண்டில் அலுவல் நிமித்தம் இலண்டனில் தங்கியிருந்த காலத்தில், இத்தாலியரான டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்' என்னும் படத்தைப் பார்த்தார். பெயர்பெற்ற நடிகர்களும் பெரிய அரங்கங்களும் இன்றி, தெருவையும் வெயிலையும் சாதாரண மனிதரின் முகத்தையும் கொண்டே ஒரு படத்தை எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு அங்கே பிறந்தது. ஊர் திரும்பியவர் கையிற் பணமில்லாமலே தொடங்கினார். மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. மேற்கு வங்காள அரசு கைகொடுத்திராவிட்டால் முதற்படம் முற்றுப்பெற்றிராது. இரண்டாம் படம் 1957இல் வெனிஸ் விழாவிற் பொற்சிங்கப் பரிசை வென்றது. அங்கே பத்திரிகையாளர்கள், மூன்றாவது பாகமும் வருமோ என்று வினவ, முன்னேற்பாடு எதுவுமில்லாதிருந்த ராய் ஆம் என்று சொல்லிவிட்டாராம். அந்த 'ஆம்' என்ற ஒரு சொல்லிலிருந்து பிறந்ததே 'அபுர் சன்சார்'.

முதலிரு பாகங்களையும் பாராமல் மூன்றாம் பாகத்திலிருந்து தொடங்குவது முறையோ என்று நாம் தயங்கினோம். "நேரம் இல்லை, சேர். காதல் வாற பாகத்தை மட்டும் போடுங்கோ" என்றார்கள் பிள்ளைகள். அவர்கள் விருப்பப்படியே ஆயிற்று. இரவல் வாங்கிய படவீழ்த்தி ஒன்று வந்தது. விறாந்தைச் சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டினோம். இறங்குதுறையிலிருந்து திரும்பிய தந்தையார் சாய்மனைக் கதிரையைச் சற்றுப் பின்னே இழுத்துப்போட்டு அமர்ந்துகொண்டார். திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்துக்களைப் படிக்க அவர் கண்ணுக்கு இயலாது என்றெண்ணி, முக்கியமான பேச்சுக்களை நாம் உரத்த குரலில் தமிழிற் சொல்லிக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

கதை எளியது. பட்டப்படிப்பை முடிக்க வசதியற்று, கல்கத்தாவில் இருப்புப்பாதை ஓரத்து வாடகை அறையொன்றில் வாழ்கின்றான் அபு. வேலை இல்லை, வாடகை பாக்கி, ஆனால் நாவல் எழுதும் கனவு மட்டும் குறையவில்லை. நண்பன் புலு தன் உறவுப்பெண்ணின் கலியாணத்துக்கு அவனைக் கிராமத்துக்கு அழைத்துச் செல்கின்றான். மாப்பிள்ளை ஊர்வலம் வந்து சேர்ந்தபோதுதான் தெரிகின்றது, மாப்பிள்ளைக்குச் சித்தம் தெளிவில்லை என்பது. பெண்ணின் தாய் மகளைக் கொடுக்க மறுத்துவிடுகின்றாள். குறித்த முகூர்த்தம் தவறினால் அப்பெண்ணுக்குப் பின்னர் கலியாணமே இல்லை என்பது அவ்வூர் வழக்கம். வேறு வழியின்றி, வெள்ளை மனத்தோடு விருந்துக்கு வந்தவனையே மாப்பிள்ளையாகும்படி கேட்கின்றார்கள். இது எந்தக் காலத்து அநியாயம் என்று முதலிற் சீறிய அபு, பின்னர் இணங்குகின்றான். முன்பின் அறியாத அபர்ணா அவன் மனைவியாகின்றாள்.

இங்கே எம் மாணவியர் இருவரும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். "அந்தப் பெண்ணிட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே, சேர்! மாப்பிள்ளையைக் கெஞ்சினம், பெண்ணைக் கேக்கேல்லை." நியாயமான கேள்வி. இப்படத்தைப் பலமுறை பார்த்த எமக்கு அக்கேள்வி இதுவரை தோன்றாதது குறித்துச் சிறிது வெட்கமாகவும் இருந்தது. ஆனால் ராய் அதனை அறியாதவரல்லர் என்பதை அடுத்து வரும் காட்சியிற் கண்டோம். மணவறையிற் கணவன் தன் வறுமையைச் சொல்லி, ஏழையோடு வாழச் சம்மதமோ என்று அவளை வினவுகின்றான். ஊரார் கேட்காமல் விட்டதை அவனாவது கேட்கின்றான். காலந்தாழ்த்திக் கேட்ட கேள்விதான். ஆயினும் அக்கேள்வியிலிருந்தே அவர்களுடைய இல்லறம் தொடங்குகின்றது.

பட்டணத்து அறைக்கு வந்த முதல்நாள், அபர்ணா சன்னலருகே நின்று அழுகின்றாள். கிழிந்த திரைச்சீலையின் ஓட்டை வழியே கீழே பார்க்கின்றாள். அங்கே ஒரு தாய் தன் குழந்தையோடு விளையாடுகின்றாள். அழுகை மெல்ல அடங்குகின்றது. பிறகு வரும் காட்சிகள் யாவும் சின்னஞ் சிறியன. ஒரு காலை அவன் கண்விழித்துத் தலையணையில் அவளுடைய கொண்டையூசியைக் காண்கின்றான். சிகரெட்டுப் பெட்டியைத் திறந்தால், அளவோடு பிடிக்கும்படி அவள் எழுதி வைத்த துண்டு இருக்கின்றது. அவன் உண்ணும்போது அவள் விசிறுகின்றாள். அடுத்த கணம் அவள் உண்ண அவன் விசிறுகின்றான். கட்டியணைத்தலும் கானமும் எங்கும் இல்லை. இருந்தும் அந்த விறாந்தையில் இருந்த பிள்ளைகள் நால்வரும் மூச்சுக்காட்டாமல் இருந்தார்கள். அபர்ணாவாக நடித்த சர்மிளா தாகூருக்கு அப்பொழுது பதினான்கு வயதளவுதான். அபுவாக நடித்த சௌமித்திர சட்டர்ஜிக்கும் அதுவே முதற்படம் என்று நாம் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. 2020ஆம் ஆண்டில் மறைந்த சௌமித்திரர், ராயின் படங்களில் மட்டும் பதினான்கில் நடித்தவர்.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வது வங்காளத்திலும் வழக்கம். அபர்ணாவும் செல்கின்றாள். அங்கிருந்து அவள் எழுதிய கடிதத்தை அபு கந்தோரிலும் வழியிலும் கொஞ்சங் கொஞ்சமாகப் படித்து, தண்டவாளத்தின் வழியே நடந்து வீடு வந்து சேர்கின்றான். படியில் அவளுடைய சகோதரன் காத்து நிற்கின்றான். பிரசவத்தில் அபர்ணா போய்விட்டாள், பிள்ளை தப்பிவிட்டது. சேதி கொண்டுவந்தவனின் கன்னத்தில் அபு அறைகின்றான்.

அபு இதன் பின்னர் செய்வனவற்றை எந்த நியாயத்தாலும் அளக்க இயலாது. இரயிலின் முன் பாயப் போகின்றான், முடியவில்லை. ஊரூராக அலைகின்றான். எழுதிய நாவலை மலையுச்சியில் நின்று பறக்கவிடுகின்றான். பிள்ளை காஜலைப் பாட்டன் வீட்டிலேயே விட்டுவிட்டு, சுரங்கம் ஒன்றில் வேலைக்குப் போய்விடுகின்றான். மகன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துப் புலு தேடிப்போய், ஏனடா பிள்ளையைப் பார்க்கவில்லை என்று கேட்கின்றான்.

அபு சொல்லும் மறுமொழி திரையின் அடியில் ஆங்கிலத்தில் ஓடிற்று. காஜல் இருப்பதாலேதான் அபர்ணா இல்லை என்பது அதன் பொருள். அதுவரை ஒவ்வொரு பேச்சையும் தமிழிற் சொல்லிக்கொண்டு வந்த நாம், அதைச் சொல்லவில்லை. நாக்கு எழவில்லை. பிள்ளைகள் கவனிக்கவில்லை. பின்னாற் சாய்மனைக் கதிரை ஒருமுறை முனகிற்று. திரும்பிப் பார்த்தோம். தந்தையார் எழுந்து முற்றத்துக்குப் போய், வேப்பமரத்தடியில் நின்றார்.

இவ்விடத்தில் எம் கதையையும் சொல்லாமற் போனால் வாசகர்க்கு எதுவும் விளங்காது.

1981ஆம் ஆண்டில் எம்மைப் பெற்ற மூன்றாம் நாள் எம் தாயார் இறந்துபோனார். அப்பொழுது தந்தையாருக்கு இருபத்தெட்டு வயது. அந்தியேட்டி முடிந்த சில மாதத்தில் எம்மைக் கொழும்புத்துறையில் அம்மம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுக் குவைத்துக்குப் போனார். மாதந்தோறும் காசு வந்தது. கடிதமும் வந்தது; ஆனால் அது அம்மம்மாவுக்கு எழுதப்பட்ட இரண்டு வரியாகவே இருக்கும். பிள்ளை எப்படி என்ற கேள்வி அதில் இருக்காது. படலையிற் கடிதக்காரனைக் காணும்போதெல்லாம் அம்மம்மா எம்மை உள்ளே அனுப்பிவிடுவார். கடிதத்தில் என்ன இல்லை என்பதை நாம் பார்த்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம் போலும்.

1988இல் அவர் வந்தார். மின்கலத்தில் ஓடும் விளையாட்டுக் கார் ஒன்றைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். நாம் அதனைத் தொடவில்லை. படத்தில் அபு கொண்டுவரும் விளையாட்டு இரயிலைக் காஜல் தூக்கி எறிகின்றான். நாம் எறியவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. அந்தக் கார் அலுமாரியின் மேல் ஏழு ஆண்டுகள் தூசு படிந்து கிடந்தது. அவரை நாம் எந்த முறை சொல்லியும் அழைத்ததில்லை. "அவர் வந்திட்டார்", "அவருக்குத் தேத்தண்ணி" என்று அம்மம்மாவிடம் சொல்வதே வழக்கமாயிற்று. அவரும் எம்மை அதட்டியதில்லை, அணைத்ததுமில்லை. தோட்டத்துக்கு இறைப்பார், எம் சயிக்கிளுக்குக் காற்றடித்து வைப்பார், பின்னேரமானால் இறங்குதுறைக்குப் போய்விடுவார்.

1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் திகதி இரவை யாழ்ப்பாணத்தார் எவரும் மறக்கமாட்டார். வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து நடந்தது. மழை. செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் ஓர் அடி வைப்பதற்கு ஒரு நாழிகை ஆயிற்று. அம்மம்மாவைச் சயிக்கிளின் பின்னால் இருத்தி, தந்தையார் தள்ளிக்கொண்டு போனார். நாம் பிற்பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். பாலத்தை நெருங்கும்போது சனநெரிசலில் எம் கை விடுபட்டுப் போயிற்று. இருட்டில் எல்லா முதுகும் ஒரேமாதிரித்தான் தெரிந்தன. அப்பொழுது, பதினான்கு வயதில், முதன்முறையாக "ஐயா!" என்று கத்தினோம். அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ ஐயாமாரைக் கத்தி அழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆயினும் அவர் திரும்பினார். ஒருநாளும் கேட்டிராத குரலை எப்படி அடையாளங் கண்டார் என்பது இன்றுவரை எமக்கு விளங்காத விடயம்.

அடுத்த ஆண்டு வீட்டுக்குத் திரும்பி வந்தபோது கூரையில் ஓடு இல்லை, அலுமாரியும் இல்லை, காரும் இல்லை. அந்தக் காரைத் தேடி வளவெல்லாம் அலைந்தோம் என்பதைத் தந்தையார் அறியார்.

இனிப் படத்துக்கு வருவோம். அபு ஒருவாறு மாமன் வீட்டுக்குப் போகின்றான். காஜல் அவனைத் தகப்பன் என்று ஏற்க மறுக்கின்றான், கல்லால் எறிகின்றான். தகப்பன் கல்கத்தாவில் இருக்கின்றான், ஒருநாள் வருவான் என்பது அச்சிறுவனின் நம்பிக்கை. முன்னால் நிற்பவனோ வேற்றாள். கடைசியில் அபு தனியே புறப்பட்டுப் போகும்போது பிள்ளை தூரத்தில் நின்று பார்க்கின்றான். தகப்பனிடம் கூட்டிப்போவாயா, நீ யார் என்று கேட்கின்றான். நண்பன் என்கின்றான் அபு. பிள்ளை ஓடிவருகின்றான். மகனைத் தோளிற் சுமந்துகொண்டு அபு நடக்கப் படம் முடிகின்றது. தந்தை என்ற உரிமையைக் கோரியபோது கல் விழுந்தது. நண்பன் என்று இறங்கி வந்தபோது பிள்ளை கிடைத்தது. இதனைவிடப் பெரிய உபதேசம் பெற்றோருக்கு வேறில்லை என்போம்.

நாவலில் முடிவு வேறு. அங்கே அபு மகனைத் தன் பிறந்த ஊரில் வேறொருத்தியின் பராமரிப்பில் விட்டு மீண்டும் தூரதேசம் போய்விடுகின்றான். நாவலாசிரியர் விபூதிபூஷணரே இளவயதில் முதல் மனைவியை, மணமாகிச் சிறிது காலத்தில், பறிகொடுத்தவர். துயரம் மனிதனை எவ்வளவு தூரம் ஓடச்செய்யும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஓடியவன் திரும்பி வரவும் கூடும் என்பதை ராய் காட்டினார்.

படம் முடிந்ததும் பிள்ளைகள் வழக்கம்போல விவாதத்தில் இறங்கினார்கள். காதல் என்பது கலியாணத்துக்கு முன்னதோ பின்னதோ என்று தொடங்கி, பிள்ளையைப் பழிப்பது எத்தகைய அறம் என்பதுவரை போயிற்று. இத்தகைய தொகுதி நம் நாட்டில் உண்டோ என்று ஒருவன் கேட்டான். உண்டு. மார்ட்டின் விக்கிரமசிங்க எழுதிய நாவல்களை ஆதாரமாகக் கொண்டு லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'கம்பெரலிய', 'கலியுகய', 'யுகாந்தய' ஆகிய மூன்று சிங்களப் படங்களை முறையே 1963, 1982, 1983ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். முதற்படத்திற் பியல் என்னும் இளைஞன் பெரிய வீட்டுப் பெண்ணான நந்தாவுக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்து அவள்மேல் மனம்வைக்கின்றான். குலப்பெருமை குறுக்கே நிற்கின்றது. அப்பாத்திரங்களில் நடித்த ஹென்றி ஜயசேனவும் புண்யா ஹீந்தெனியவும் ஏறக்குறைய இருபது ஆண்டுகளின் பின்னர் இரண்டாம் படத்திலும் அதே தம்பதியராகத் தோன்றினர். 1965இல் தில்லியில் நடந்த சர்வதேச விழாவில் 'கம்பெரலிய' தங்கமயிற் பரிசு பெற்றது. அந்த நடுவர் குழுவின் தலைவர் வேறு யாருமல்லர், சத்தியஜித் ராயே.

"இவ்வளவு பழைய படம் எப்படிச் சேர் இவ்வளவு தெளிவாய் இருக்குது?" என்று கேட்டாள் மற்றொருத்தி. அதற்கும் ஒரு கதை உண்டு. 1993இல் இலண்டனில் ஒரு படப்பதனிடும் கூடத்தில் நெருப்புப் பிடித்து இப்படங்களின் மூலச்சுருள்கள் கருகிப்போயின. கருகியவற்றையும் எறியாமல் அமெரிக்காவிற் பாதுகாத்து வைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து இத்தாலியின் பொலோஞா நகரத்து வல்லுநர்கள் அவற்றைப் பக்குவப்படுத்திச் சீர்செய்ய, 2015இல் மூன்று படங்களும் புத்துருப் பெற்று வெளிவந்தன. மூன்றாம் படத்தின் மூலச்சுருள் மட்டும் பயன்படாத அளவுக்குச் சிதைந்திருந்தமையால், வேறிடங்களில் இருந்த படிகளைக் கொண்டு அதனை மீட்டார்கள். நாம் பிறந்த அதே 1981ஆம் ஆண்டில் எரிந்த எங்கள் நூலகத்தின் ஏடுகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை என்று சொல்லிப் பிள்ளைகள் பெருமூச்செறிந்தார்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள். மூன்று படங்களிலும் இரயில் ஊடாடிக்கொண்டே இருக்கின்றது. முதற்படத்திற் சிறுவன் அபு வெள்ளைப் பூப்பூத்த நாணற்காட்டினூடே ஓடிச் சென்று பார்க்கும் அதிசயம் அது; மூன்றாம் படத்திலோ அவன் சாகத் துணியும் இடம். எமக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, 1990இல், யாழ்ப்பாணத்துக்கு இரயில் வருவது நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தபோது எம் மாணவர்களிற் பலர் முதன்முறையாக இரயிலைக் கண்டார்கள். அபுவின் வியப்பை விளக்க அவர்களுக்கு ஆசிரியர் தேவைப்படவில்லை.

ஒன்பது மணியளவிற் பிள்ளைகள் போய்விட்டார்கள். வேட்டியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தோம். தந்தையார் முற்றத்திலிருந்து வந்து கதிரையில் அமர்ந்தார்.

"தம்பி, ஒரு இடத்திலை நீ சொல்லாமல் விட்டிட்டாய்."

"எந்த இடம், ஐயா?"

"கூட்டாளி போய்க் கேக்கிற இடம். எனக்கு அது வாசிக்கத் தெரியாதெண்டே நினைச்சனி? கண் மங்கல்தான். ஆனால் ஏழு வருசம் குவைத்திலை இங்கிலீசிலைதானே சீவிச்சனான்."

எமக்கு மறுமொழி வரவில்லை. அவர் வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் ஓடிய இடத்தில் இப்பொழுது வெறும் சுண்ணாம்பு.

"அவன் சொன்னமாதிரித்தான் நானும் நினைச்சனான். அது பிழைதான். பிழையெண்டு தெரிஞ்சுகொண்டுதான் நினைச்சனான்." சற்று நிறுத்தினார். "ஆனால் அவன் அஞ்சு வருசத்திலை வந்திட்டான். எனக்கு ஏழு வருசம் எடுத்தது."

நாற்பது ஆண்டுகளாக எம் நெஞ்சில் இருந்த கேள்விக்கு அதுவே மறுமொழி. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. தமது கடனை ஆண்டுக் கணக்கில் எண்ணி எம் முன்னே வைத்தார். நாம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்பொழுதும் யோசிக்கின்றோம். அன்று நாவிலே வந்தது, "புட்டு ஆறப்போகுது, சாப்பிட வாங்கோ ஐயா" என்பதுதான். அவரும் எழுந்து வந்தார்.

அன்றிரவு நித்திரை வராமற் கிடந்தபோது எமக்கு ஒன்று தோன்றிற்று. பெற்றோருடைய கதையில் நாம் எல்லாரும் மூன்றாம் பாகத்திலேதான் வந்து சேர்கின்றோம். முதலிரு பாகங்களையும் பாராதவர்களாய், கடைசிப் பாகத்தை மட்டும் பார்த்துவிட்டு, இவன் ஏன் இப்படி நடந்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகின்றோம். பதேர் பாஞ்சாலியில் அபு தமக்கையை இழக்கின்றான். அபராஜிதோவில் தந்தையை இழக்கின்றான், பின் தாயையும் இழக்கின்றான். மனைவியும் போனபோது ஓடியவன் அந்த இழப்புக்களையெல்லாம் சுமந்துகொண்டுதான் ஓடினான். அவற்றைப் பார்த்தவனுக்கு அவன் குற்றம் நீங்கிவிடாது. ஆனால் அவன் அந்நியனாகத் தோன்றமாட்டான். எம் தந்தையார் இருபத்தெட்டு வயதுக்கு முன் யாராக இருந்தார்? எம் தாயாரை முதலில் எங்கே கண்டார்? அவர்களுடைய சன்னலில் தொங்கிய திரைச்சீலை எது? எதுவும் எமக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் இந்த வீட்டிலேயே இருக்கின்றார். நாள்தோறும் எம்மோடு உண்கின்றார்.

மறுநாட் காலை தேநீர் கொடுக்கப் போனபோது தந்தையார் பத்திரிகையை மடித்து வைத்தார்.

"ஏன் தம்பி, மற்ற இரண்டு படத்தையும் எப்ப போடுறாய்?"

"வாற ஞாயிறு போடலாம், ஐயா."

"பெடியளை மறிக்கவேண்டாம். வரட்டும்." தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஆனால் கொஞ்சம் வெள்ளெனத் தொடங்கு. முடிஞ்சாப்போலை கதைக்க நேரம் வேணும்" என்றார்.

அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு அவர் கைத்தடியை எடுத்தபோது நாமும் செருப்பை மாட்டிக்கொண்டோம். அவர் ஏன் என்று கேட்கவில்லை. இறங்குதுறைவரை இருவரும் நடந்து போனோம்.